அமெரிக்க, பிரிட்டிஷ் ஏஜென்டுகளுக்கு நாவலை அச்சில் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்துவிட்டு, நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் இலக்கிய ஏஜென்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கதையை எப்படி எழுதுவது என்ற பேச்சே இங்கே இல்லை. தாள், எழுத்து, ஓரம், உறை, தபால் இவ்வளவுதான். இதில் உள்ள விதிகள் முதல் பார்வைக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒரு மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க யாரோ எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய கண்ணும் கையும் இருக்கின்றன. அவரை மனதில் வைத்துக்கொண்டால், இங்கே இல்லாத கேள்விக்கும் நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஏஜென்ட் எதற்கு? பதிப்பகத்துக்கே நேராக அனுப்பினால் என்ன?

தமிழில் பதிப்பாளரை நேரில் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். அங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வராத பிரதியைப் பிரிப்பதே இல்லை. ஏஜென்ட் படிக்கிறார், பிடித்தால் எடுத்துக்கொள்கிறார், பொருத்தமான எடிட்டரிடம் கொண்டுபோய் விற்கிறார், ஒப்பந்தம் பேசுகிறார். புத்தகம் விற்றால் உள்நாட்டு வருமானத்தில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு மற்றும் மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 சதவீதம் அவருக்கு. விற்காவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடையாது.

படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறார் என்றால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். அமெரிக்க இலக்கிய ஏஜென்டுகள் சங்கத்தின் நெறிமுறை வாசிப்புக் கட்டணத்துக்கு இடம் தருவதில்லை. எவ்வளவு சின்னத் தொகை என்றாலும் இதே பதில்தான்.

இந்தக் காலத்திலும் தாளில் வாங்குகிறார்களா?

வெகு சிலர்தான். பெரும்பாலான ஏஜென்சிகள் மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ மட்டும் வாங்குகின்றன. தபாலில் வந்தால் படிக்காமலே போட்டுவிடுவோம் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருப்பவையும் உண்டு. ஆகவே, தாள் வாங்கக் கடைக்குப் போகும் முன் அந்த ஏஜென்சியின் இணையதளத்தில் சமர்ப்பிப்பு விதிகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். இங்கே நான் எழுதுவதும் அங்கே எழுதியிருப்பதும் முட்டிக்கொண்டால் அவர்கள் சொல்வதுதான் சரி. ஏரியல் எழுத்தில் 11 அளவு கேட்கிறார்களா, அப்படியே கொடுங்கள்.

அச்சுப் பிரதி இன்னும் தேவைப்படும் இடங்கள் சில இருக்கின்றன. தபாலிலும் வாங்கும் பழைய ஏஜென்சிகள். முதல் சில பக்கங்கள் பிடித்துப்போய், முழு நாவலையும் தாளில் படிக்க ஆசைப்படும் ஏஜென்ட். எழுத்தாளர் மாநாடுகளில், ஏஜென்ட் எதிரே உட்கார்ந்து உங்கள் முதல் பத்துப் பக்கத்தைப் பற்றிப் பேசும் சந்திப்புகள். அதோடு, மின்னஞ்சலில் இணைக்கும் கோப்புக்கும் வடிவமைப்பு இதேதான். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

முழு நாவலையும் அனுப்பிவிடலாமா?

கேட்காமல் அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் முதலில் போவது குவெரி லெட்டர் என்கிற ஒரு பக்கக் கடிதம்: கதை எதைப் பற்றியது, எத்தனை சொற்கள், நீங்கள் யார். சிலர் அதோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆர்வம் வந்தால் அடுத்து ‘பார்ஷியல்’, அதாவது முதல் ஐம்பது பக்கமோ மூன்று அத்தியாயமோ. அதற்கும் பிறகுதான் ‘ஃபுல்’. பிரிட்டனில் படிகள் குறைவு. அறிமுகக் கடிதம், சினாப்சிஸ் என்கிற கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் என்று மூன்றையும் ஒரே கட்டாகக் கேட்பதுதான் அங்கே பழைய வழக்கம்.

இரண்டு ஊரிலும் ‘முதல்’ என்றால் முதல்தான். ஏழாவது அத்தியாயத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது என்று அதைத் தனியாக எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. படிப்பவருக்கு அதிலிருந்து தெரியவருவது ஒன்றுதான்: முதல் ஆறு அத்தியாயங்களில் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை.

ஐம்பது பக்கம் கேட்டார்கள். காட்சி 52ஆம் பக்கத்தில் முடிகிறது. என்ன செய்ய?

52 பக்கமும் அனுப்புங்கள், யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். 47இல் ஒரு நல்ல முடிவு இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். வரி இடைவெளியைக் குறுக்கி அறுபது பக்கத்தை ஐம்பதுக்குள் அமுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஏ4 தாளில் அச்சடிக்கலாமா?

பிரிட்டனுக்கு ஏ4. அமெரிக்காவுக்கு ‘லெட்டர்’ அளவு, எட்டரைக்குப் பதினோரு அங்குலம். மில்லிமீட்டரில் லெட்டர் 216 × 279, ஏ4 210 × 297. ஏ4 உயரத்தில் 18 மி.மீ. அதிகம் என்பதால் அவர்களுடைய கோப்புறையில் வைத்தால் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். நகல் எடுத்தால் அடி வரிகள் வெட்டுப்படலாம். இதற்காக நாவலை நிராகரிக்கும் ஏஜென்ட் யாரும் இல்லை. முடிந்தால் சரியான தாளிலேயே கொடுப்பது நல்லது, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊர்க் கடைகளில் லெட்டர் அளவு எளிதில் கிடைக்காது. ஏ4ஐ வெட்டி லெட்டர் ஆக்கவும் முடியாது, ஏனென்றால் அகலம் 6 மி.மீ. போதாது. ஏ3 வாங்கி வெட்டினால் ஒரு தாளுக்கு ஒன்றுதான் தேறும், மீதி குப்பைக்கு. இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ‘லீகல்’ தாளின் அகலமும் இதே எட்டரை அங்குலம்தான், உயரம் மட்டும் 14 அங்குலம். ஒரு ரீம் லீகல் வாங்கி, கட்டிங் மெஷின் உள்ள ஜெராக்ஸ் கடையிலோ அச்சகத்திலோ கொடுத்து மூன்று அங்குலத்தை வெட்டிவிடச் சொன்னால் அசல் லெட்டர் தாள் தயார். வாங்கும்போது அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ் (ஃபுல்ஸ்கேப்) என்று விற்பதும் கிட்டத்தட்ட இப்படியேதான் இருக்கும், உயரம்தான் சற்றுக் குறைவு. அதையும் இதே வேலைக்குப் பயன்படுத்தலாம்.

தாளின் கனம் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். அமெரிக்கர்கள் ‘20 பவுண்டு பாண்ட்’ என்று சொல்வது இந்த 75ஐத்தான். வெள்ளைத் தாள், வெறும் வெள்ளை. தந்த நிறம், வாட்டர்மார்க், கையால் செய்த தாள் எல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வேர்டு கோப்பிலும் பக்க அளவை லெட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும். நம் கணினிகளில் பெரும்பாலும் ஏ4 என்றுதான் இருக்கும். அதை அப்படியே லெட்டர் தாளில் அச்சடித்தால் பிரிண்டர் தானாகச் சுருக்கும், எழுத்தும் சிறுத்துப்போகும்.

எந்த ஃபாண்ட்?

டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி. பழைய வழக்கத்தை விரும்புகிறவர் என்றால் கூரியர். இந்த இரண்டில் எதைப் போட்டாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கூரியரின் மேல் சிலருக்கு இன்னும் பிடிப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. அது ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்துக்காக 1950களில் உருவான எழுத்து. ஆங்கில ‘i’ ஆனாலும் ‘m’ ஆனாலும், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஆறரை அங்குல வரியில் 65 எழுத்து, ஏறத்தாழப் பத்துச் சொல். பக்கத்துக்கு 25 வரி என்றால் 250 சொல். கணினி வருவதற்கு முன்னால், பக்க எண்ணிக்கையைப் பார்த்தே புத்தகம் எவ்வளவு பருமன் வரும் என்று எடிட்டர் கணக்குப் போட்டது இப்படித்தான். டைம்ஸ் நியூ ரோமன் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக வடிவமைத்தது, 1932இல் அதில் அறிமுகமானது. செய்தித்தாள் பத்தியில் நிறைய சொற்கள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்துகள் நெருக்கமாக உட்காரும். அதனால் அதே நாவல் கூரியரில் 320 பக்கம் வந்தால், டைம்ஸில் 270 பக்கத்தை ஒட்டி நிற்கும்.

மார்ஜின், வரி இடைவெளி, பத்தி?

நான்கு பக்கமும் ஓர் அங்குலம். டபுள் ஸ்பேஸ். ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் அரை அங்குலம் உள்ளே. இடது ஓரம் நேராக, வலது ஓரம் கரடுமுரடாக. இருபுறமும் சமமாக நீட்டும் ‘ஜஸ்டிஃபை’ வேண்டாம், அது சொற்களுக்கு நடுவே ஓட்டை போடும். வரி முடிவில் சொல்லை உடைக்கும் தானியங்கி ஹைஃபன் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு வெற்றிடம் எதற்கு என்று கேட்டால், பேனாவுக்குத்தான். எடிட்டர் திருத்தம் எழுத வரிகளுக்கு நடுவே இடம் வேண்டும், கேள்வி எழுத ஓரத்தில் இடம் வேண்டும். இன்றைக்குத் திருத்தம் திரையிலேயே நடக்கலாம். ஆனால் ஐம்பதாவது பிரதியைப் படித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அந்த வெற்றிடம் இன்னும் தேவைப்படுகிறது.

வேர்டில் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, பத்திகளுக்கு நடுவே அதுவாகவே கொஞ்சம் இடைவெளி விடும் அமைப்பு. பத்தி அமைப்புக்குள் போய் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் பூஜ்யம் ஆக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் ஒரு சின்னப் பள்ளம் விழும், காட்சி மாறிவிட்டதோ என்று படிப்பவர் தடுமாறுவார். இரண்டாவது, ‘டபுள்’ என்று தேர்ந்தெடுத்தால் டைம்ஸில் பக்கத்துக்கு 23 வரிதான் வரும். ‘எக்ஸாக்ட்லி’ என்பதில் 25 புள்ளி கொடுத்தால் 25 வரி வரும். பத்தியின் ஒற்றை வரி பக்கத்தின் தலையிலோ அடியிலோ தனியாக நிற்காமல் தடுக்கும் ‘விடோ, ஆர்ஃபன்’ கட்டுப்பாட்டை அணைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். இந்த இரண்டாவது விஷயம் என்னைப் போன்ற நுணுக்கப் பைத்தியங்களுக்கு. ‘டபுள்’ என்றே விட்டாலும் குடி முழுகிவிடாது.

அப்புறம், முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்தவர்களுக்குக் கட்டைவிரல் தானாக இரண்டு தட்டும். கடைசியில் ‘ஃபைண்ட் ரீப்ளேஸ்’ போட்டு ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் குடும்பப் பெயர் போடச் சொல்கிறார்கள். எனக்கு இனிஷியல்தானே இருக்கிறது?

நம்மவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. விதி சொல்வது: குடும்பப் பெயர், நாவல் தலைப்பின் முக்கியச் சொல், பக்க எண், இந்த மூன்றும் பக்கத்தின் மேலே வர வேண்டும். காரணம் எளிது. கட்டாமல் வரும் முந்நூறு தாளும் ஒருநாள் மேஜையிலிருந்து சரியும், பக்கத்தில் இருக்கும் வேறொருவருடைய முந்நூறு தாளோடு கலக்கும். பிரித்து அடுக்குகிறவருக்கு எந்தத் தாள் யாருடையது, எத்தனையாவது என்று தெரிந்தால் போதும். அந்த வேலையை உங்கள் சொந்தப் பெயரே செய்யும். எஸ். கார்த்திகேயன் என்பவர் ‘கார்த்திகேயன் / தலைப்பு / 47’ என்று போட்டால் சரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் ஏறியிருக்கிறதே என்று இங்கேயும் அதைப் போட வேண்டியதில்லை. போட்டால் அமெரிக்க அலுவலகம் உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதும். கடிதம், முகப்புத் தாள், பக்கத் தலை, உறை நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சட்டப்படியான முழுப் பெயர் ஒப்பந்தத்தில் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம்.

பக்க எண் நாவல் முழுக்கத் தொடர்ந்து ஓட வேண்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கலைந்த தாள்களில் பதினெட்டு ‘பக்கம் 3’ இருக்கும்.

முகப்புத் தாளில் என்னென்ன வேண்டும்?

இடது மேல் மூலையில் பெயர், முழு முகவரி நாட்டின் பெயரோடு, +91 சேர்த்துத் தொலைபேசி எண், மின்னஞ்சல். வலது மேல் மூலையில் சொல் எண்ணிக்கை. தாளின் நடுவே தலைப்பு, அதன் கீழ் உங்கள் பெயர். புனைபெயரில் எழுதுகிறீர்கள் என்றால் தலைப்புக்குக் கீழே புனைபெயர், மூலையில் சொந்தப் பெயர். முகப்புக்குப் பக்க எண் கிடையாது.

படம், அலங்கார எழுத்து, சமர்ப்பணம், நன்றியுரை எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். முகப்புத் தாளுக்கும் முதல் அத்தியாயத்துக்கும் நடுவே யாருக்கும் வேலை இல்லை.

காப்பிரைட் குறி போடவில்லை என்றால் கதையைத் திருடிவிட மாட்டார்களா?

எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது. இந்தியா 1928 முதல் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது, அமெரிக்கா 1989இல் சேர்ந்தது. உரிமை கிடைக்க எந்தச் சடங்கும் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. ஏஜென்டுக்குத் தெரிந்த விஷயத்தை முகப்பில் வட்டமிட்ட சி போட்டுச் சொன்னால், ‘உங்களை நான் நம்பவில்லை’ என்று கடிதத்தைத் தொடங்கின மாதிரி இருக்கும். தவிரவும், முகம் தெரியாத ஒருவரின் முதல் நாவலைத் திருடுவதைவிட அதை விற்றுப் பதினைந்து சதவீதம் வாங்குவது அவருக்கு லாபம்.

அத்தியாயத் தொடக்கம், காட்சி மாற்றம்?

ஒவ்வோர் அத்தியாயமும் புதுப் பக்கத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு விட்டுத் தொடங்கட்டும். காட்சி மாறும் இடத்தில் வெறும் வரி விடாதீர்கள். அது பக்கத்தின் அடியில் வந்துவிட்டால் கண்ணில் படாது. வரியின் நடுவே # குறி ஒன்று போடுங்கள். நாவலின் கடைசியில் ‘முற்றும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டால், கடைசித் தாள் காணாமல் போகவில்லை என்று படிப்பவருக்குத் தெரியும்.

இட்டாலிக்கா, அடிக்கோடா? தமிழ்ச் சொற்களை என்ன செய்வது?

சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் சாய்ந்த எழுத்து கிடையாது. அதனால் சாய்க்க வேண்டியதை அடிக்கோடிட்டார்கள், அச்சுக்கோப்பவர் அதைப் பார்த்துச் சாய்த்தார். கூரியர் எழுத்தில் அச்சடித்து அனுப்புகிறவர்கள் சிலர் இன்னும் அடிக்கோடுதான் போடுகிறார்கள், ஏனென்றால் அதில் இட்டாலிக் சட்டென்று கண்ணில் படாது. டைம்ஸ் என்றால் இட்டாலிக்கே போடலாம். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆங்கில நாவலில் அம்மாச்சி, திண்ணை, ரசம் என்று வரும் சொற்களைச் சாய்க்க வேண்டுமா என்பது வேறு வழக்கு. முன்பெல்லாம் அந்நியச் சொல்லைச் சாய்ப்பதுதான் மரபு. இன்று பல எழுத்தாளர்கள் மறுக்கிறார்கள், பாத்திரத்துக்கு அது அந்நியச் சொல் இல்லையே என்று. எனக்கும் சாய்க்காமல் விடுவதுதான் பிடிக்கிறது. எதுவானாலும் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கட்டும், ஒரே சொல்லுக்கு மூன்று ஸ்பெல்லிங் வேண்டாம். பின்னிணைப்பாகச் சொற்பட்டியல் இப்போது தேவையில்லை. வேண்டுமென்றால் பதிப்பகம் கேட்கும். இந்திய, பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கை அமெரிக்காவுக்காக மாற்றவும் வேண்டாம்.

சொல் எண்ணிக்கையை எப்படிக் குறிப்பது?

கணினி காட்டும் எண்ணை ஆயிரத்துக்கு முழுமையாக்குங்கள். 83,417 என்றால் 83,000.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்பைரல் போடட்டுமா என்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் விடமாட்டார், ‘கிளியர் ஷீட் வெச்சு பளிச்சுன்னு பண்ணித் தரேன் சார்’ என்பார். அப்போதும் வேண்டாம். கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது. பைண்டிங் இல்லாமல் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். ஏஜென்டோ அவருடைய உதவியாளரோ, படித்த தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். ரயிலில் படிக்க முப்பது தாளை மட்டும் உருவிக்கொண்டு போவார். பிடித்திருந்தால் சக ஊழியருக்காக நகல் இயந்திரத்தில் மொத்தமாக ஊட்டுவார். ஸ்பைரலும் ஸ்டேப்ளரும் இந்த மூன்றுக்கும் இடைஞ்சல்.

குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரப்பர் பேண்டு. ஐம்பது பக்கத்துக்குள் என்றால் ஒரு பைண்டர் கிளிப் போதும். முழு நாவலுக்கு, அந்த அளவுக்குப் பொருந்தும் அட்டைப் பெட்டி. ரப்பர் பேண்டு தாள் விளிம்பை அறுக்காமல் இருக்க, மேலும் கீழும் ஓர் அட்டை வையுங்கள்.

அச்சடிக்கும்போது வேறு என்ன கவனிக்க?

தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடியுங்கள். தாளைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான், ஆனால் கவிழ்த்துக் கவிழ்த்துப் படிப்பவருக்குப் பின்பக்கம் தெரியவே தெரியாது. லேசர் பிரிண்டரில் அடியுங்கள். இங்க்ஜெட் மை ஈரக் கையால் தொட்டாலே கரையும், சென்னைக் காற்றுக்கே கொஞ்சம் இளகும். டோனர் தீரும் நிலையில் இருக்கும் கடையில் 200ஆம் பக்கத்துக்கு மேல் எழுத்து வெளுத்துப்போகும், எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்திருந்தால் நடுவே வெள்ளைத் தாள் இருக்கும், அதற்காக எல்லாத் தாளையும் ஒருமுறை விரலால் தள்ளிப் பாருங்கள்.

அச்சடித்த பிறகு பிழை கண்டால் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அடித்து மாற்றினால் போதும்.

பதில் உறை வைக்கச் சொல்கிறார்கள். இந்தியத் தபால்தலை ஒட்டலாமா?

கூடாது, அங்கே செல்லாது. பதில் அந்த நாட்டிலிருந்து புறப்படுவதால் அந்த நாட்டுத் தபால்தலைதான் வேண்டும்.

முன்பு இதற்குப் பன்னாட்டுப் பதில் கூப்பன் என்று ஒன்று இருந்தது. 1907 முதல் புழக்கத்துக்கு வந்தது. இங்கே வாங்கி உறைக்குள் வைத்தால், அங்கே அதைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்வார்கள். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்ஸி நடத்திய மோசடிக்கு முகமூடியாக இருந்ததும் இந்தக் கூப்பன்தான்: ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றினால் லாபம் என்று சொல்லித்தான் ஊர்ப் பணத்தைத் திரட்டினார். பிரிட்டிஷ் தபால் துறை 2011 கடைசியிலும், அமெரிக்கத் தபால் துறை 2013 ஜனவரியிலும் இதை விற்பதை நிறுத்திவிட்டன. அதைத் தேடி அலையாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஓர் அவுன்ஸ் கடிதம் வர ‘குளோபல் ஃபாரெவர்’ என்ற தபால்தலை ஒன்று போதும். நியூஜெர்சியில் சித்தப்பா பிள்ளை யாராவது இருந்தால், ஊருக்கு வரும்போது நான்கைந்து வாங்கிவரச் சொல்லலாம். சாதாரண ‘ஃபாரெவர்’ உள்நாட்டுக் கடிதத்துக்கானது, இங்கே அனுப்ப ஒன்று போதாது. அதை வாங்கிவரப் போகிறார், பெயரைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், பதிலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர்களிடம் பலர் அதையே விரும்புவார்கள்.

பிரதியைத் திருப்பிக் கேட்காதீர்கள். தட்டச்சுக் காலத்தில் அது இருக்கும் ஒரே நல்ல பிரதி, திரும்பி வர வேண்டியிருந்தது. இன்று கோப்பு உங்களிடம் இருக்கிறது. அவர்கள் பக்கத்திலும் இது தொல்லை. தபால்தலை மட்டும் ஒட்டிய பொதி 10 அவுன்ஸுக்கு மேல் எடையோ அரை அங்குலத்துக்கு மேல் தடிமனோ இருந்தால் அமெரிக்காவில் 2019 அக்டோபர் முதல் தபால் பெட்டியில் போட முடியாது, கவுண்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 10 அவுன்ஸ் என்பது அறுபது தாள்தான். ‘படித்தபின் மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாம்’ என்று எழுதிவிடுங்கள், அவர்களுக்கும் நிம்மதி.

சாமி படத்தின் முன் வைத்து, குங்குமம் தொட்டு அனுப்பலாமா?

வீட்டுப் பிரதியில் தாராளமாக. முதல் தாளின் தலையில் பிள்ளையார் சுழியும் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள். தபாலில் போகும் கட்டில் விபூதி மடித்த பொட்டலம் இருக்கவே கூடாது, இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2001 செப்டம்பர், அக்டோபரில் நியூயார்க் ஊடக அலுவலகங்களுக்கும் வாஷிங்டனுக்கும் ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்கள் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஊரில் உறையிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டினால் கட்டடத்தையே காலி செய்வார்கள்.

இனிப்பு, சால்வை, பேனா எதுவும் வேண்டாம். அன்பளிப்பு வைத்தால் படிப்பவருக்குச் சங்கடம்தான்.

தபாலில் அனுப்பும்போது?

முழு நாவல் 320 தாள் என்றால் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், பெட்டி தனி. தடம் பார்க்கும் வசதியுள்ள சர்வதேச ஸ்பீட் போஸ்டோ கூரியரோ போதும். உள்ளே இருப்பது ஆவணம், அச்சிட்ட தாள்கள் என்று படிவத்தில் குறியுங்கள். பெறுபவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற சேவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் வந்தால் அவர் தபால் நிலையத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அவர் கேட்டு அனுப்புவதாக இருந்தால், ‘கேட்டுக்கொண்டபடி’ என்று உறையின் மேல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கேட்காமலே அப்படி எழுதும் தந்திரம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தமிழ் நாவலின் மொழிபெயர்ப்பை அனுப்புகிறேன். வேறுபாடு உண்டா?

வடிவம் இதேதான். முகப்பில் மூல ஆசிரியர் பெயரும் ‘தமிழிலிருந்து மொழிபெயர்ப்பு’ என்று உங்கள் பெயரும் வர வேண்டும். அதைவிட முக்கியம், ஆங்கில உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. ஆசிரியரோ வாரிசோ பதிப்பகமோ, எழுத்தில் அனுமதி வாங்கியபிறகு அனுப்புங்கள், வாங்கியிருப்பதைக் கடிதத்தில் சொல்லுங்கள். ஏஜென்ட் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாமா? எவ்வளவு நாள் காத்திருப்பது?

அனுப்பலாம், ‘மற்ற ஏஜென்டுகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒருவர் தனக்கு மட்டும் எனக் கேட்டால், எத்தனை வாரம் என்று கெடு பேசிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே ஏஜென்சியில் இருவருக்கு அனுப்ப வேண்டாம்.

ஏஜென்சி தன் பக்கத்தில் ஒரு காலக்கெடு சொல்லியிருக்கும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்பது சகஜம். அது தாண்டிய பிறகு, அனுப்பிய தேதியையும் தலைப்பையும் குறிப்பிட்டு இரண்டு வரி மின்னஞ்சல் போடலாம். தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள் என எழுதிவைத்திருக்கும் இடங்களில் அந்த மின்னஞ்சலும் தேவையில்லை. அடுத்த பெயருக்கு முகப்புத் தாளை எடுத்துக் கட்டுங்கள்.